என் தம்பிக்கு வாசித்த ஓலை

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் வேதக்காரக் குடும்பங்கள் நிறைய. எல்லாம் கத்தோலிக்கர்கள். லூத்தரன் வீடு எங்களுடையது ஒன்றுதான். தெருவிலிருந்த இந்துக்களுக்கு இரண்டும் ஒன்று, "ஏசு சாமி கும்புடறவங்க" என்று முடித்துக்கொள்வார்கள். கத்தோலிக்கர்களுக்கு அப்படி இல்லை. எதிர்வீட்டு அம்மாள் எங்களைப் "பதிதக்காரங்க" என்பாள். வழி தவறிப் போனவர்கள் என்று அர்த்தம். நல்ல மனுஷிதான். யாருக்காவது காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "ஒரு மாதா படம் மாட்டி வெச்சிருந்தா இந்தக் காய்ச்சல் வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ரசம் நன்றாக இருக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுவேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம். பஞ்சாலையில் பிட்டர் வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்தவர். வந்த இடத்தில் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது அவருக்குக் குறையாகப் படவில்லை, அதையே ஒரு கௌரவமாக எடுத்துக்கொண்டார். "தமிழ்ல மொதமொதல்ல வேதத்த அச்சடிச்சது யாரு? நம்ம ஆளுங்க" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். எங்கள் சபைக்கு அவர்தான் மூப்பர். ஐயர், அதாவது எங்கள் குருவானவர், கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார், சில வாரம் வரமாட்டார். அப்பா ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, வேதபாடம் வாசிப்பது, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர் கையில்தான். நற்கருணை ஞாயிறு அன்று, அப்பமும் திராட்சரசமும் வாங்க, மூப்பர் குடும்பம்தான் முதலில் பீடத்தண்டை போய் முழங்காலிடும். அப்பாவுக்குப் பக்கத்தில் என் இடம், எனக்கு அந்தப் பக்கம் தம்பி, கடைசியில் அம்மா.

சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையைக் கத்தோலிக்கக் கோயிலில் கட்டிக்கொடுத்தால் பெற்றவர்கள் நற்கருணைக்கு வரக்கூடாது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் திரும்பச் சேர்ப்பார்கள். அதுவரை கடைசி பெஞ்சு. வாணரப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தையல்கார அம்மாளின் மகள் அப்படிப் போனபோது, சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசியது அப்பாதான். அந்த அம்மாள் புருஷனை இழந்தவள். "எம் பொண்ணு மனசுக்குப் புடிச்சவனக் கட்டிக்கிட்டா. அதுக்கு நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். சபையை விட்டும் போகவில்லை. வாரம் தவறாமல் வந்து, கதவோரக் கடைசி பெஞ்சில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். நற்கருணை நேரத்தில் எல்லோரும் எழுந்து முன்னால் போக, அவள் மட்டும் அங்கேயே இருப்பாள். அப்பாவின் கண்டிப்பைப் பற்றிச் சபையில் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

நான் நர்சிங் முடித்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். காலையில் அங்கே போகிற பஸ்ஸில் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த ஒருவர் எனக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தார். முதலில் கைக்குட்டையை சீட்டில் போட்டு வைத்தார், பிறகு பையை, பிறகு கேட்கிறவர்களிடம் "ஆள் வருது" என்று வாய்விட்டுச் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். கத்தோலிக்கர். அவர் அப்பாவும் ஆலைத் தொழிலாளிதான், சாதியிலும் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. குறுக்கே நின்றது கோயில் மட்டும்தான்.

அதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். "நீ எங்க கோயிலுக்கு வர வேணாம். நான் உங்க கோயிலுக்கு வந்துடறேன். அம்மா ரெண்டு நாளு சாப்பிடல. அப்புறம் சரின்னுட்டாங்க" என்றார். இப்படிச் சொல்கிற ஆண்பிள்ளையை அந்தக் காலத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா எதிர்பார்க்கிற எல்லாம் இதில் இருக்கிறதே, சபைக்கு ஒரு ஆள் கூடுகிறதே, இதில் அவர் மறுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆராதனைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் கை தானாகக் கதவோரச் சுவருக்குப் போயிற்று. அவர்கள் கோயிலில் அங்கே தீர்த்தம் இருக்கும், விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். எங்கள் சுவரில் என்ன இருக்கும், சுண்ணாம்புதான் இருந்தது. மனுஷன் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வெறும் விரலாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, பீடத்தைப் பார்த்து ஒரு முழங்காலைத் தரைக்கு இறக்கி எழுந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தையல்கார அம்மாள் தன் முந்தானையைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆராதனை முடிந்ததும் அவர் நேராக அப்பாவிடம் வந்து கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அப்பா கோபப்படவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்தார், அம்மா காப்பி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அப்பா சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கட்டிக்கறதுக்காக விசுவாசத்த மாத்திக்கறவன், நாளைக்கு வேற ஒண்ணுக்காக மறுபடியும் மாத்திக்குவான். அப்படிப்பட்ட ஆளுக்கு எம் பொண்ண நான் குடுக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். அவர் போன பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. "அவரு இங்க வந்தா தப்பு. நான் அங்க போனா?" என்று கேட்டேன். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "லூத்தரன் பொண்ணு சுரூபத்துக்கு முன்னால முழங்கால் போடமாட்டா" என்றார். மாதா, புனிதர் சிலைகளைத்தான் சொன்னார். "எல்லாம் ஒரே ஏசுதானேப்பா" என்றேன். அதற்கு எனக்கு நீண்ட ஒரு போதனை கிடைத்தது. முடிவில், "திடப்படுத்தல் அன்னிக்கு பீடத்துல முழங்கால் போட்டு என்ன சொன்ன? அதைச் சொல்லு" என்றார்.

எங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஞானோபதேசம் படித்து முடித்து, ஒரு ஞாயிறு அன்று வெள்ளை உடுத்திப் பீடத்தின் முன் முழங்காலிட்டு, சாகும்வரை இந்த விசுவாசத்தை விடமாட்டேன் என்று வாக்குக் கொடுப்போம். அதைத்தான் திடப்படுத்தல் என்பது. நான் சொன்னேன். பதினாலு வயதில் சொன்னதை இருபத்திரண்டு வயதில், அப்பா முன்னால், அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். "அவ்ளோதான். கர்த்தர் பாத்துக்குவார்" என்று எழுந்து போய்விட்டார். அம்மாவிடம் போனால், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் வாழ்நாளெல்லாம் சொன்ன வாக்கியம் அது.

மறுநாள் பஸ்ஸில் அவர் இடம் பிடித்து வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "நான் வாக்குக் குடுத்தவ. மீற முடியாது" என்று சொன்னேன். அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலி இடத்தில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார், எனக்கும் வைத்தார். நான் போகவில்லை.

எனக்கு வரன்கள் வந்தன. லூத்தரன் பையனாக, படித்தவனாக, குடிக்காதவனாகத் தேட வேண்டும் என்றால் தரங்கம்பாடியிலிருந்தும் கடலூரிலிருந்தும்தான் வர வேண்டும். வந்தவர்கள் சிலர் நர்ஸ் வேலையை விடச் சொன்னார்கள், சிலர் நர்ஸ் என்றதுமே எழுந்து போனார்கள். ஒருவன் என்னைப் பார்க்க வந்துவிட்டு எங்கள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரவே இல்லை யாரும். முப்பது தாண்டியதும் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். நான் அதற்காக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. வார்டில் வேலை சரியாக இருந்தது. விசுவாசத்துக்காக ஒன்றை விட்டோம் என்ற திருப்தி எனக்கு உண்மையாகவே இருந்தது. அப்பாவும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனும் அதே பீடத்தில் அதே வாக்கைக் கொடுத்தவன்தான். படிப்பில் சுமார், ஆனால் பிரெஞ்சு மட்டும் தண்ணீர் பட்ட பாடு. எண்பதுகளின் நடுவில் அவன் பட்டணத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு அடிக்கடி போய்வருகிறான் என்று தெரியும். அது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றான். நானும் நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் குடத்தை வைத்துவிட்டு என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். "ஏன் பாப்பா, பக்கத்துல இருக்கறோம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நேத்து உன் தம்பிக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சாங்களே" என்றாள்.

ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பது. எங்கள் சபையிலும் உண்டு, அவர்களிடமும் உண்டு. நேற்று நான் எங்கள் கோயிலில் இருந்தேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே யாருக்கும் ஓலை வாசிக்கவில்லை. "எந்தத் தம்பிக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு எத்தினி தம்பி இருக்கறான்? உங்கப்பா வந்து எங்க சாமியாரப் பாத்தாராமே. போன மாசமே பையன எங்க வேதத்துல சேத்துக்கிட்டாங்களாம். நல்லதுதான். ஒரு வழியா நீங்களும் வழிக்கு வந்தீங்க" என்று சொல்லிவிட்டு, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். என் குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்தது. பின்னால் நின்றவள் திட்டிய பிறகுதான் குழாயை மூடினேன்.

வீட்டுக்குள் போனேன். அம்மா அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. தலையையும் தூக்கவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஊரே கூடி என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறது, அதுவும் என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ சத்தம் போடுவே" என்றாள்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "நல்ல குடும்பம். பொண்ணுக்குப் பிரெஞ்சு நேசனாலிட்டி. அவனும் அங்க போயி ஒரு ஆளா ஆயிடுவான்" என்றார், சந்தையில் நல்ல மீன் கிடைத்ததைச் சொல்வதுபோல. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, "விடு அக்கா, எல்லாம் ஒரே ஏசுதானே" என்றான். அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதற்கு முன் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். நான் அப்பா முகத்தையே பார்த்தேன். அவர் காலண்டரில் தாள் கிழித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாவிட்டால் கல்யாணமாகாதவள், பொறாமை என்பார்கள். அந்தப் பேரையும் நான் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? அப்பா பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தில் இருந்தார். பெண்ணின் தகப்பனார் கோட்டில் மெடல்கள் குத்திக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் "முசியே, முசியே" என்று கைகுலுக்கி வரவேற்றார். அப்பாவும் அவரைத் திருப்பி "முசியே" என்றார். அதுவரை அவர் வாயில் நான் பிரெஞ்சு கேட்டதில்லை.

எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் சுரூபங்கள், மாதா, சூசையப்பர், அந்தோணியார். பூசை நடந்தது. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். நடுவில் மணி அடித்ததும் கோயில் முழுக்கச் சரசரவென்று முழங்காலிட்டது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மூட்டுவலியோடு, மெதுவாக இறங்கி முழங்காலிட்டார். அம்மா அவருக்கு முன்பே இறங்கிவிட்டாள்.

நான் மட்டும் நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை, கால் மடங்கவில்லை. அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "முழங்கால் போடும்மா. நாலு பேரு பாக்கறாங்க" என்றார்.

குனிந்து அவரைப் பார்த்தேன். கெஞ்சுகிற முகம். அந்த முகத்தை நான் இருபத்திரண்டு வயதில் பார்த்திருந்தால் எனக்கு ஒரு வீடு இருந்திருக்கும். நிமிர்ந்தபோது, நடைபாதைக்கு அந்தப் பக்கத்து வரிசையில் எக்ஸ்ரே பிரிவுக்காரர் தெரிந்தார். அவர் வழக்கமாகப் போகும் கோயில் அதுதான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பக்கத்தில் மனைவி, தோளில் ஒரு பெண் குழந்தை. முழங்காலிட்டபடி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி மணி அடித்து எல்லோரும் எழுந்திருக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். சாப்பிடாமல் ரிக்ஷா பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை. "எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா? ஏம்ப்பா?" என்று கேட்டேன்.

முகத்தில் சோப்பு நுரையோடு பிளேடைக் கிண்ணத்தில் அலசினார். பிறகு சாதாரணமாக, ஏறக்குறைய அன்பாகவே சொன்னார்: "நீ சொன்னா கேக்கற பொண்ணு. உங்கிட்ட சொன்னேன். அவன் கேக்கமாட்டான்னு தெரியும். கேக்காதவன்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

இதுதான் காரணம். வேதமும் இல்லை, வாக்கும் இல்லை. நான் அடங்கிப் போகிறவள் என்பதால் அடக்கினார். என் ஆயுசை நான் கர்த்தருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ, சுலபமாகக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து ட்யூட்டிக்குப் போனேன்.

சபை என்ன செய்யும் என்று பார்த்தேன். கூட்டம் போடவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "பையன் எப்ப பிளேன் ஏறுறான்?" என்றுதான் அப்பாவிடம் விசாரித்தார்கள். தையல்கார அம்மாளை அப்படிப் பிடிபிடியென்று பிடித்தவர்கள் இவர்களேதான். அவள் அவர்களைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போனாள். ஐயருக்கும் விஷயம் தெரியும். மூப்பரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் அவர் யாரை வைத்துச் சபை நடத்துவார்?

அடுத்த நற்கருணை ஞாயிறு வந்தது. நான் அப்பாவோடுதான் கோயிலுக்கு நடந்து போனேன். அவர் முன்னால் போய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார், அம்மாவும் போனாள். நான் கதவோரம் நின்றேன். தையல்கார அம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

பாட்டு முடிந்து ஐயர் பீடத்திலிருந்து அழைத்தார். வழக்கம்போல மூப்பர் குடும்பம் முதலில். அப்பா எழுந்து போய் முழங்காலிட்டார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார், அந்தப் பக்கம் தம்பியின் இடமும் காலி, அதற்கப்புறம் அம்மா. ஐயர் அப்பத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா தலையைத் திருப்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அங்கே நான் இல்லை என்றதும் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே வந்து, கடைசி பெஞ்சில் என்னைக் கண்டார். சபை முழுவதும் அவர் பார்த்த பக்கம் திரும்பியது.

தையல்கார அம்மாள் என் கையைத் தொட்டாள். "போ கண்ணு. அப்பா பாக்கறாரு. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மெதுவாக.

"பாக்கட்டும்" என்றேன்.